பங்கிற்குக் காணிக்கை கொடுப்பது எப்படி: ஞாயிறு காணிக்கை முதல் உயில் வரை

பங்கிற்கு, அதாவது நம் கத்தோலிக்கக் கோயிலுக்கும் அதன் மக்கள் சமூகத்துக்கும், கொடுக்க வேண்டும் என்ற மனம் பலருக்கும் உண்டு. எதற்கு, எப்படி, எவ்வளவு என்பதில்தான் குழப்பம். காணிக்கைப் பை வரும்போது சட்டைப்பையில் கைக்கு அகப்பட்டதைப் போடுகிறோம். வீட்டில் விசேஷம் என்றால் ஒரு பூசைக்கு (திருப்பலிக்கு) கொடுக்கிறோம். திருவிழா வந்தால் சுரூபத்துக்கோ கொடிமரத்துக்கோ கொஞ்சம் பெரிதாகத் தருகிறோம். நல்ல மனத்தோடு செய்வதுதான் எல்லாமே. ஆனால் கொஞ்சம் திட்டமிட்டால், அதே பணம் பங்கிற்கு இன்னும் அதிகமாக உதவும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பங்கிற்குக் கொடுப்பதில் முதல் இடம் பெயரில்லாத பொதுச் செலவுக்கு. குறிப்பிட்ட பணிகள் அதற்கு அடுத்தது. நிதிக்குழுவில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர்கள் யாரும் இதை மறுக்க மாட்டார்கள்.

படி 1: பங்கின் செலவு என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்

மின்கட்டணம், தண்ணீர், கோயிலைப் பராமரிக்கும் கோயில்பிள்ளையின் சம்பளம், அலுவலக உதவியாளரின் சம்பளம், பங்குத்தந்தையின் பராமரிப்பு, காப்பீடு, கூரைப் பழுது, அப்பமும் இரசமும் மெழுகுதிரியும், மறைக்கல்விப் புத்தகங்கள், ஆயரின் கீழ் பல பங்குகள் சேர்ந்த மறைமாவட்டத்துக்குச் செலுத்த வேண்டிய பங்குத்தொகை. இவற்றில் எதற்கும் யாரும் கல்வெட்டு வைப்பதில்லை. ஆனால் மாதந்தோறும் இவை வந்து நிற்கும்.

கணக்கைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தாக வேண்டும் என்கிறது (எண் 537; கீழே வரும் எண்களும் இதே தொகுப்பின் எண்கள்தான்). வரவு செலவை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும் என்றும் (எண் 1284), மக்கள் கொடுத்தவற்றுக்கு அந்தந்த மறைமாவட்ட விதிப்படி மக்களுக்கே கணக்குச் சொல்ல வேண்டும் என்றும் (எண் 1287) சொல்கிறது. ஆண்டறிக்கை அறிவிப்புப் பலகையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நிதிக்குழுவில் ஒருவரிடம் பணிவாகக் கேளுங்கள். குறை கண்டுபிடிக்கக் கேட்பது வேறு, பங்கெடுக்கக் கேட்பது வேறு. கேட்கும் தொனியிலேயே அது தெரிந்துவிடும்.

அறிக்கையைப் படிக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். வழக்கமான வாரக் காணிக்கை, வழக்கமான மாதச் செலவைத் தாங்குகிறதா? தாங்கவில்லை என்றால் உங்கள் பணம் முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

படி 2: தொகையை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

புனித பவுல் கொரிந்து மக்களுக்கு எழுதிய முறை இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது: வாரத்தின் முதல் நாள்தோறும், அவரவர் வருவாய்க்கு ஏற்ப, முன்கூட்டியே எடுத்து வையுங்கள் (1 கொரி 16:2). கோயிலுக்கு வந்தபின் யோசிப்பதற்கும் வீட்டில் எடுத்து வைப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. முன்னதில் மிச்சம்தான் போகும். பின்னதில் முதல் பங்கு போகும்.

பத்தில் ஒன்று கட்டாயமா என்று பலர் கேட்பார்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் அப்படி ஒரு விழுக்காட்டைக் கட்டளையாக விதிக்கவில்லை. திருச்சபையின் தேவைகளுக்கு உதவும் கடமை நமக்கு உண்டு (எண் 222); மறைக்கல்வி நூல் அதைத் திருச்சபைக் கட்டளைகளில் ஐந்தாவதாக வைத்து, அவரவர் இயன்ற அளவு என்கிறது. எவ்வளவு என்பதை உங்கள் மனச்சான்றும் குடும்ப நிலையும்தான் தீர்மானிக்க வேண்டும். பத்தில் ஒன்றை விரும்பிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது நல்ல வழக்கம், அவ்வளவே.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு ஒரு எளிய அளவு: வாரத்தில் ஒரு மணி நேர உழைப்பின் ஊதியம். அது முடிகிறது என்றால் சில மாதங்கள் கழித்துக் கூட்டுங்கள். முடியவில்லை என்றால் தயங்காமல் குறையுங்கள். மாத வருமானம் நிலையில்லாதவர்கள் தொகையை வைத்துக்கொள்ள வேண்டாம், விழுக்காட்டை வைத்துக்கொள்ளுங்கள். பணம் கைக்கு வந்த அன்றே அந்தப் பகுதியைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

கணவன் மனைவி இருவரும் பேசி முடிவெடுங்கள். ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் கொடுக்கும் காணிக்கை வீட்டில் மனக்கசப்பை உண்டாக்கினால் அதில் யாருக்கும் நன்மை இல்லை. கட்டாயத்தாலோ வருத்தத்தோடோ வேண்டாம், முகமலர்ச்சியோடு கொடுங்கள் என்றுதான் அதே பவுல் எழுதுகிறார் (2 கொரி 9:7). கடன் வாங்கிக் காணிக்கை கொடுக்கவும் யாரும் கேட்கவில்லை.

படி 3: ஞாயிறு காணிக்கை

பங்கின் முதுகெலும்பு இதுதான். திருப்பலியில் காணிக்கை எடுப்பது செலவுக்குப் பணம் சேர்க்கும் ஓர் இடைவேளை அல்ல. அது வழிபாட்டின் ஒரு பகுதி. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் புனித ஜஸ்டின் ஞாயிறு வழிபாட்டை விவரிக்கும்போதே இதைச் சொல்கிறார்: வசதியும் மனமும் உள்ளவர்கள் தாங்கள் விரும்பியதைக் கொடுக்கிறார்கள், அது தலைவரிடம் சேர்க்கப்படுகிறது, அவர் அதைக் கொண்டு அநாதைகளையும் கைம்பெண்களையும் நோயாளிகளையும் சிறையில் இருப்போரையும் அந்நியரையும் பராமரிக்கிறார். இன்றும் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை, ஏழைகளுக்காகவும் கோயிலுக்காகவும் கொண்டுவரப்படும் பணத்தையும் பொருளையும் ஏற்று, நற்கருணைப் பீடத்துக்கு அப்பால் தகுந்த இடத்தில் வைக்கச் சொல்கிறது.

உங்கள் பங்கில் காணிக்கை உறை முறை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். உறையில் குடும்ப எண்ணோ பெயரோ இருப்பதால் ஆண்டு முடிவில் உங்கள் கணக்கு எளிதாகக் கிடைக்கும். ஒரு வாரம் போகவில்லை என்றால் அந்த உறை வீட்டில் மேசைமேல் இருந்து நினைவூட்டும். அடுத்த வாரம் இரண்டையும் சேர்த்துப் போடலாம். நீங்கள் ஊரில் இல்லாத வாரத்திலும் மின்கட்டணம் வரத்தானே செய்கிறது?

உள்ளே போன பணம் என்ன ஆகிறது என்பதும் தெரிந்திருப்பது நல்லது. ஒழுங்காக நடக்கும் பங்கில் திருப்பலி முடிந்ததும் பை முத்திரையிடப்படும். ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேராவது, பெரும்பாலும் மூன்று பேர், ஒரே மேசையில் உட்கார்ந்து எண்ணுவார்கள். ஒருவர் நோட்டுகளை அடுக்க, ஒருவர் சில்லறையைப் பிரிக்க, ஒருவர் தாளில் குறிப்பார். தொகை ஒத்துப்போனதும் எல்லாரும் அந்தத் தாளில் கையெழுத்திட்டு, தாளின் ஒரு படியைப் பணத்தோடு வைப்பார்கள். அடுத்த வேலை நாளில் அது வங்கிக்குப் போகும். வங்கிச் சீட்டு வந்தபின் இரண்டையும் ஒத்துப் பார்ப்பார்கள். எண்ணும் குழு முறைமாறி வரும். உங்கள் பங்கில் ஒருவரே எடுத்து ஒருவரே எண்ணுகிறார் என்றால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அவரைப் பாதுகாக்கவாவது இரண்டாவது ஆள் வேண்டும். முடிந்தால் நீங்களே அந்த வேலைக்குப் பெயர் கொடுங்கள். அதுவும் ஒரு காணிக்கைதான்.

படி 4: வங்கி வழியாகவும் கைப்பேசி வழியாகவும்

கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளும் பழக்கம் குறைந்துவிட்டதால், பல பங்குகள் வங்கிப் பரிமாற்றம், கியூஆர் குறியீடு, அட்டை, செயலி என்று வழி திறந்திருக்கின்றன. இதில் மிகச் சிறந்தது வங்கியில் கொடுக்கும் நிலையான உத்தரவு. மாதத்தின் ஒரு தேதியில், நீங்கள் சொன்ன தொகை, தானாகப் பங்கின் கணக்குக்குப் போய்விடும். உங்களுக்கு மறதி இல்லை. பங்கிற்கோ அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்று தெரியும். சம்பளம் வரும் நாளுக்கு அடுத்த நாளாகத் தேதியை வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டை வழியாகவோ செயலி வழியாகவோ கொடுத்தால் இடையில் ஒரு கட்டணம் பிடிக்கப்படலாம். சில செயலிகளில் அந்தக் கட்டணத்தையும் நீங்களே ஏற்க ஒரு தேர்வு இருக்கும். பெரிய தொகை என்றால் நேரடி வங்கிப் பரிமாற்றமே மேல்.

எச்சரிக்கை இங்கேதான் அதிகம் தேவை. கணக்கு பங்கின் பேரிலோ மறைமாவட்டத்தின் பேரிலோ அதன் அறக்கட்டளையின் பேரிலோ இருக்க வேண்டும். தனி ஆளின் கணக்காக இருக்கக் கூடாது. எண்ணை அலுவலகத்திலோ அறிவிப்புத் தாளிலோ பார்த்து எடுங்கள். பகிரப்பட்டு வந்த செய்தியிலிருந்து எடுக்க வேண்டாம். சாமியாரின் பெயரில் "அவசரம், உடனே அனுப்புங்கள், யாரிடமும் சொல்ல வேண்டாம்" என்று செய்தி வந்தால் அது மோசடிதான். பரிசு அட்டை வாங்கி அதன் எண்ணை அனுப்பச் சொல்லும் செய்திகளும் அப்படியே. ஒரு தொலைபேசி அழைப்பில் உண்மை தெரிந்துவிடும். கியூஆர் குறியீட்டை வருடியதும் திரையில் வரும் பெயரைப் படித்துவிட்டு அழுத்துங்கள்.

பரிமாற்றத்தின்போது குறிப்பு எழுதும் இடத்தைக் காலியாக விடாதீர்கள். "வாரக் காணிக்கை", "மறைக்கல்விக்கு", "பூசைக் காணிக்கை" என்று இரண்டு சொல் போதும். குறிப்பில்லாத தொகை வந்தால் அலுவலகத்தில் இருப்பவர் யாரைக் கேட்பார்?

படி 5: திருப்பலிக் கருத்துக்கான காணிக்கை

இறந்தவர்களுக்காக, நோயுற்றவர்களுக்காக, நன்றிக்காக ஒரு பூசைக்குக் கொடுப்பது மிகப் பழைய பக்தி வழக்கம். யாருக்காக, எதற்காக என்று சொல்லும் அந்த வேண்டுதல்தான் கருத்து. காணிக்கை திருப்பலியின் விலை அல்ல. வியாபாரத்தின் சாயல்கூட இருக்கக் கூடாது என்று சட்டமே கண்டிப்பாகச் சொல்கிறது (எண் 947). எவ்வளவு என்பதை அந்த மறைமாநிலத்தின் (அடுத்தடுத்த சில மறைமாவட்டங்கள் சேர்ந்த தொகுதியின்) ஆயர்கள் நிர்ணயிப்பார்கள். குரு அதற்குமேல் கேட்கக் கூடாது. நீங்களாக விரும்பி அதிகம் தந்தால் வாங்கலாம், குறைவாகத் தந்தாலும் வாங்கலாம் (எண் 952). ஒன்றும் தர முடியாத ஏழையின் கருத்துக்காகவும் திருப்பலி ஒப்புக்கொடுக்கும்படி சட்டம் குருக்களைப் பெரிதும் கேட்டுக்கொள்கிறது (எண் 945). பணம் இல்லை என்பதற்காகக் கருத்துக் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள்.

நடைமுறை இதுதான். அலுவலகத்தில் கருத்துப் பதிவேடு இருக்கும். கருத்து என்ன, காணிக்கை எவ்வளவு, எந்தத் தேதி, நிறைவேற்றியாயிற்றா என்று அதில் எழுத வேண்டும் (எண் 958). நினைவு நாளுக்குப் பூசை வேண்டும் என்றால் சில வாரங்களுக்கு முன்பே போய்விடுங்கள். பெயரைத் தெளிவாக எழுதிக் கொடுங்கள். வாசிப்பவர் பெயரைத் தடுமாறி வாசித்தால் குடும்பத்துக்கு வருத்தமாக இருக்கும். ஞாயிறன்று உங்களுக்கு வேண்டிய நேரம் கிடைக்காமல் போகலாம். ஞாயிறும் கடன்திருநாளும் (கட்டாயம் திருப்பலிக்கு வர வேண்டிய திருநாளும்) பங்குத்தந்தை தம் பங்கு மக்கள் அனைவருக்காகவும் ஒரு திருப்பலி ஒப்புக்கொடுக்கக் கடமைப்பட்டவர் (எண் 534). அந்தத் திருப்பலி உங்களுக்காகவும்தான்.

தனித்தனியாகக் கொடுக்கப்பட்ட கருத்து ஒவ்வொன்றுக்கும் தனித் திருப்பலி என்பதே விதி (எண் 948). பல கருத்துகளைச் சேர்த்து ஒரே திருப்பலி என்றால், அது கொடுப்பவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அவர் மனமொப்பிச் சம்மதித்திருக்க வேண்டும். 2025-இல் வத்திக்கானில் குருக்களுக்கான துறை வெளியிட்ட ஆணையும் இதையே வலியுறுத்துகிறது. சந்தேகம் இருந்தால் "இது தனிப் பூசையா, கூட்டுக் கருத்தா?" என்று கேட்டுவிடுங்கள். ஒரு குரு ஒரே நாளில் பல திருப்பலி நிறைவேற்றினாலும் ஒன்றின் காணிக்கையைத்தான் தமக்கென வைத்துக்கொள்ளலாம். கிறிஸ்துமஸ் மட்டும் விதிவிலக்கு (எண் 951).

ஆகவே பூசைக்குக் கொடுத்துவிட்டோம், பங்கிற்கு உதவியாயிற்று என்று கணக்கு வைக்க வேண்டாம். இரண்டும் வேறு வேறு கணக்குகள்.

திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின்போது கொடுக்கும் காணிக்கையும் கிட்டத்தட்ட இப்படித்தான்: அளவை ஆயர்கள் நிர்ணயிப்பார்கள், வறுமையைக் காரணமாக வைத்து அருளடையாளம் யாருக்கும் மறுக்கப்படக் கூடாது (எண் 848).

படி 6: குறிப்பிட்ட பணிகளுக்குக் கொடுப்பது

பாடகர் குழு, மறைக்கல்வி, பலிபீடச் சிறுவர், இளைஞர் இயக்கம், நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்வோர், ஏழைகளுக்கு உதவும் குழு என்று பணிகள் பல. உங்கள் மனம் எதில் ஈடுபடுகிறதோ அதற்குக் கொடுங்கள். ஆனால் இங்கே ஒரு விதி உங்கள் பக்கம் நின்று வேலை செய்கிறது: ஒரு நோக்கத்துக்கென்று கொடுத்த பணத்தை அந்த நோக்கத்துக்கு மட்டும்தான் செலவிட வேண்டும் (எண் 1267).

இந்தப் பாதுகாப்புக்கு மறுபக்கமும் உண்டு. எல்லாரும் ஒலிபெருக்கிக்கே கொடுத்தால், ஒலிபெருக்கிக் கணக்கில் பணம் தேங்கி நிற்கும். கோயில்பிள்ளையின் சம்பளத்துக்கு அதிலிருந்து எடுக்க முடியாது. எனவே குறிப்பிட்டுக் கொடுக்கும் முன் கேளுங்கள்: "இந்தப் பணிக்கு இப்போது உண்மையில் என்ன தேவை?" உறையின் மேல் இப்படி எழுதலாம்: "மறைக்கல்விப் புத்தகங்களுக்கு. அதற்குப் போதுமான பணம் இருந்தால் பங்கின் பொதுச் செலவுக்கு." அந்த இரண்டாவது வாக்கியம் நிதிக்குழுவுக்குப் பெரிய உதவி.

ஏழைகளுக்குக் கொடுக்க விரும்புகிறவர்கள் சபைகளின் வேறுபாட்டையும் தெரிந்துகொள்ளுங்கள். 1833-இல் பாரிசில் பிரெடெரிக் ஓசானாமும் அவருடைய தோழர்களும் தொடங்கிய புனித வின்சென்ட் தே பால் சபை, ஏழைகளின் வீடு தேடிச் சென்று பொருளுதவி செய்யும் சபை. அவர்களிடம் பணம் தரலாம். 1921-இல் டப்ளினில் தொடங்கிய மரியாயின் சேனையும் வீடு வீடாகப் போகிறது. ஆனால் பொருளுதவி செய்வதில்லை என்பது அவர்களுடைய விதி. சேனை உறுப்பினரின் கையில் "இதை அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று திணித்தால் அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடுகிறோம்.

பொருளாகக் கொடுப்பதிலும் கேட்டபின் கொடுங்கள். சுரூபம், திருவுடை, இசைக்கருவி, மின்விசிறி எதுவானாலும் பங்குத்தந்தையிடம் முன்பே பேசுங்கள். வைக்க இடமில்லாத சுரூபம் கொடுத்தவருக்கும் வருத்தம், வாங்கியவருக்கும் வருத்தம். பராமரிப்புச் செலவு உள்ள பொருள் என்றால் முதல் சில ஆண்டுப் பராமரிப்புக்கும் சேர்த்துக் கொடுப்பது பெருந்தன்மை.

படி 7: சிறப்புக் காணிக்கைகள்

ஆண்டில் சில நாள்களில் எடுக்கும் காணிக்கை பங்கில் தங்காது. புனித வெள்ளியின் காணிக்கை இயேசு வாழ்ந்த நாட்டின் திருத்தலங்களுக்கும் அங்குள்ள கிறிஸ்தவர்களுக்கும். ஜூன் 29, புனித பேதுரு பவுல் பெருவிழாவை ஒட்டி எடுப்பது திருத்தந்தையின் பணிகளுக்கும் அறச்செயல்களுக்கும். அக்டோபரின் கடைசிக்கு முந்தைய ஞாயிறு உலக மறைபரப்பு ஞாயிறு. 1926-இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் ஏற்படுத்தியது. அன்றைய காணிக்கை உலகெங்கும் உள்ள மறைபரப்புத் தளங்களுக்குப் போகிறது.

இதற்குப் பின்னால் ஓர் இளம்பெண்ணின் யோசனை இருக்கிறது. லியோன் நகரில் பவுலின் ஜாரிக்கோ, பட்டுத் தொழிலாளர்கள் நடுவே பத்துப் பத்துப் பேராகக் குழு சேர்த்து, வாரம் ஆளுக்கு ஒரு சிறு காசு என்று திரட்டினார். 1822-இல் விசுவாசப் பரப்புதல் சபை உருவானது அதிலிருந்துதான். 2022-இல் அதே நகரில் அவர் அருளாளராக உயர்த்தப்பட்டார். பெரிய கொடையாளர்களைத் தேடி அவர் போகவில்லை. வாரந்தவறாத சிறு காசில்தான் நம்பிக்கை வைத்தார்.

சிறப்புக் காணிக்கை நாளில் செய்ய வேண்டியது ஒன்றே: வழக்கமான காணிக்கையை நிறுத்திவிட்டு அதைக் கொடுக்க வேண்டாம். அதோடு சேர்த்து, கொஞ்சமாவது, தனியாகக் கொடுங்கள்.

படி 8: பெரிய கொடை, நிலம், உயில்

கட்டட நிதிக்கு வாக்குறுதி கொடுத்தால் எத்தனை தவணை, எந்தத் தேதி என்று எழுத்தில் கொடுங்கள். ஒப்பந்தக்காரருக்குப் பணம் தர வேண்டிய நாளை வைத்துத்தான் பங்கு திட்டமிடும். இடையில் உங்கள் நிலைமை மாறினால் ஒளியாமல் போய்ச் சொல்லிவிடுங்கள்.

நிலம், வீடு, நகை, நிறுவனப் பங்குப் பத்திரம் கொடுப்பது வேறு நிலை. நிபந்தனையோ சுமையோ உள்ள கொடையை ஏற்க மறைமாவட்டத்தின் அனுமதி தேவை (எண் 1267). நாட்டின் பதிவுச் சட்டமும் வரிச் சட்டமும் உண்டு. வழக்கறிஞரையும் மறைமாவட்ட நிதி அலுவலகத்தையும் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

உயிலில் எழுதும்போது பங்கின் முழுச் சட்டப் பெயரை எழுதுங்கள். "எங்கள் கோயிலுக்கு" என்றால் நீதிமன்றத்தில் குழப்பம் வரும். நோக்கத்தை மிகக் குறுக்கி எழுதாதீர்கள். இறந்தவரின் விருப்பத்தை மிகுந்த கவனத்தோடு நிறைவேற்ற வேண்டும் என்பது சட்டம் (எண் 1300). அதனாலேயே "வடக்குப் பீடத்தின் விளக்குக்கு மட்டும்" என்று எழுதிவிட்டு, பின்னாளில் அந்தப் பீடமே இல்லாமல் போனால் எல்லாருக்கும் சிக்கல். இப்படி எழுதச் சொல்லி வழக்கறிஞரிடம் கேளுங்கள்: "இன்ன பங்கின் மறைக்கல்விப் பணிக்கு, அது இயலாதபோது, ஆயரின் ஒப்புதலோடு, இதற்கு மிக நெருங்கிய நோக்கத்துக்கு." பங்கு வேறு பங்கோடு இணைக்கப்பட்டால் யாருக்குப் போக வேண்டும் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

ஆண்டுதோறும் பூசை நடக்க முதலீட்டு நிதி வைக்க விரும்பினால், எத்தனை ஆண்டு என்பதை மறைமாவட்ட விதிப்படி குறிப்பிட்டு எழுத்தில் பெறுங்கள். பிள்ளைகளிடமும் இதைச் சொல்லி வையுங்கள். பிள்ளைகளுக்கு அதிர்ச்சியாக வரும் உயில் வழக்கில்தான் போய் முடியும்.

படி 9: ரசீதும் கணக்கும்

பெயர் சொல்லிக் கொடுத்த தொகைக்கு ரசீது வாங்குங்கள். நம்பிக்கை இல்லாததால் அல்ல. பங்கின் புத்தகத்தில் பதிவாக அதுதான் வழி. ரசீதில் பங்கின் பெயர், தேதி, தொகை, நோக்கம், வரிசை எண், கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். வரிச்சலுகை நாட்டுக்கு நாடு மாறும்; சில இடங்களில் வழிபாட்டுக் காணிக்கைக்கும் அறப்பணி நன்கொடைக்கும் விதி வேறு. கொடுக்கும் முன்பே அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள், ரொக்கத்துக்கு வரம்பு உண்டா என்பதையும் சேர்த்து.

பெயர் வெளியில் தெரிய வேண்டாம் என்றால் அதையும் எழுத்தில் சொல்லுங்கள்: "ரசீது வேண்டும், அறிவிப்பில் பெயர் வேண்டாம்."

ஆண்டுக்கொருமுறை, திருவருகைக்காலம் தொடங்கும் வாரத்திலோ தவக்காலத்திலோ, உட்கார்ந்து உங்கள் காணிக்கையைத் திரும்பிப் பாருங்கள். வருமானம் கூடியிருக்கிறதா? ஏதாவது பணியில் தேவை முடிந்துவிட்டதா? வேலை போய்விட்ட ஆண்டா? அப்படியானால் நிலையான உத்தரவை நிறுத்திவிட்டு, வெட்கப்படாமல் பங்குத்தந்தையிடம் நிலைமையைச் சொல்லுங்கள். கொடுத்த கை வாங்கும் நிலைக்கு வரும்போது தாங்குவதற்கும்தான் அந்தப் பொதுநிதி இருக்கிறது. நிலைமை சரியானதும் வங்கியில் புதிய தொகைக்கு மறுபடி உத்தரவு கொடுத்தால் போதும்.